மேட்டில் நின்ற மூன்று பேர்

ஜெயம்மாள் கல்வராயன் மலைக்கு முதன்முதலாகப் போனது, அங்கிருந்தவர்கள் கம்பெனி ஜீப்பை மறித்து உட்கார்ந்திருந்த அன்றைக்குத்தான். தொண்ணூறுகளின் தொடக்கம். மலைமேல் கட்டிக்கொண்டிருந்த துணை மின் நிலையத்துக்குக் கீழேயிருந்து பெரிய லைன் இழுக்கும் வேலையை ஒரு தனியார் கம்பெனி எடுத்திருந்தது. கள்ளக்குறிச்சியில், கச்சிராயபாளையம் ரோட்டில், ஓர் உரக்கடையின் மாடியை வாடகைக்குப் பிடித்து, சாய்வு மேசைகளைப் போட்டு அதற்கு டிராயிங் ஆபீஸ் என்று பேர் வைத்திருந்தார்கள். கீழேயிருந்து யூரியா வாடை நாள் முழுக்க மேலே வரும். அந்த மாடியில் டவர்களுக்கு வரைபடம் போடுகிறவள் ஜெயம்மாள்.

கருணாபுரத்துப் பெண். அப்பா இருசப்பன் சின்னசேலம் ஸ்டேஷனில் மூட்டை தூக்கியவர். முதுகு போன பிறகு வீட்டில் படுத்தபடியே இருந்தார். அம்மா ஆயம்மாள் கட்டட வேலைக்குச் செங்கல் சுமக்கும் சித்தாள். ஜெயம்மாள் கடலூர் ஐ.டி.ஐ.யில் வரைபடப் படிப்பு முடித்ததும், கிடைத்த முதல் வேலையை இறுகப் பிடித்துக்கொண்டாள். அவள் வேலையில் பெரிய சூட்டிகை எல்லாம் இல்லை. சொன்னதைச் சுத்தமாகப் போடுவாள். சாயங்காலம் கழுத்து வலியோடு வீட்டுக்குப் போவாள். போய்ச் சோறாக்குவாள்.

அன்றைக்கு அவளை மலைக்குக் கூட்டிப்போனவர் ஆதிமூலம். லைனை வடிவமைக்கும் இன்ஜினியர். திருக்கோவிலூர்க்காரர், கனத்த உடம்பு, சர்க்கரை வியாதி. ஏறும்போதெல்லாம் நின்று நின்று மூச்சு வாங்குவார். எந்த மேட்டில் டவர் வைக்கக் கூடாது என்று ஊர்க்காரர்கள் சொல்கிறார்களோ அதை வரைபடத்தில் குறிக்க ஆள் வேண்டும் என்று அவளையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டார்.

ஊரின் பேர் நெல்லிப்பாறை. ஊர் என்றால் சரிவில் தள்ளித் தள்ளி நிற்கும் சில வீடுகள், சாமைக் கொல்லைகள், மரவள்ளி, புளியமரங்கள். கொல்லைகளுக்கு மேலே நீளமாக ஒரு மேடு. மேட்டின் ஓரத்தில் அவர்கள் பொங்கல் வைக்கும் சாமிப்பாறை. லைன் அந்த மேட்டின் மீதுதான் போக வேண்டும். ஒரு பக்கம் காப்புக்காடு, மறுபக்கம் பள்ளம், வேறு வழி கிடையாது.

ஊருக்காகப் பேசியவர் மூக்கன். குரலை உயர்த்தவே இல்லை.

“சார், எங்க சாமிக்கு எதுர்ல எலும்பு எலும்பா நிக்க வெச்சிட்டு நீங்க கீழ போயிடுவீங்க. நாங்க தெனமும் அது மூஞ்சிலதான் முழிக்கணும். இன்னா நாயம் இது?”

ஆதிமூலம் காட்டையும் பள்ளத்தையும் கையால் காட்டி விளக்கினார். அவர்கள் கேட்டுக்கொண்டார்கள். கேட்டுவிட்டு மறுபடியும் ஜீப்புக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். வெயில் ஏறியது. யாருக்கும் சண்டை போடக்கூடத் தெம்பில்லாத மாதிரி எல்லாரும் சும்மா இருந்தார்கள்.

ஜெயம்மாளுக்குத் தாகம். பக்கத்துக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்த ஒருத்தியிடம் போய்த் தண்ணீர் கேட்டாள். அவள் பேர் வெள்ளச்சி. இவளைவிட நாலைந்து வயது மூத்தவளாக இருக்கலாம். சொம்பில் தண்ணீர் கொடுத்துவிட்டு, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு மேட்டைப் பார்த்தாள். மேட்டில் முதல் டவர் நிற்கப்போகும் இடம் அவளுடைய கொல்லைக்கு நேர் மேலே.

“அக்கா, அங்க இன்னா நின்னா ஒங்களுக்குப் பரவால்ல?” என்று ஜெயம்மாள் கேட்டாள். ஏதாவது பேச வேண்டுமே என்று கேட்டதுதான்.

“ஒண்ணும் நிக்காம இருந்தா பரவால்ல.”

சொம்பைத் திரும்ப வாங்கிக்கொண்டு வெள்ளச்சியே சொன்னாள்: “நின்னுதான் ஆவணும்னா, வேலை செய்யற மாதிரி நிக்கட்டும். நாங்க குனிஞ்சி களை புடுங்கிக்கினு இருக்கறப்ப, அது கைய நீட்டிக்கினு மேல நின்னு வேடிக்க பாத்தா எங்களுக்கு எப்பிடி இருக்கும்? மேஸ்திரியாட்டம்.”

அதைச் சொல்லிவிட்டு அவள் மறுபடியும் குனிந்துகொண்டாள்.

ஜீப் திரும்பி மலையிறங்கியது. கோமுகி அணைக்கட்டுப் பக்கம் வரும்போது ஜெயம்மாள், அதுவரை தான் வரைந்த டவர்களை எல்லாம் நினைத்துப் பார்த்தாள். நான்கு காலும் ஒரே மாதிரி அகட்டி, இரண்டு பக்கமும் ஒரே நீளக் கை. பாரத்தை அவை தாங்கினாலும், தாங்குகிற மாதிரி தெரியாது. அப்பா அப்படி ஒருநாளும் நின்றதில்லை. மூட்டை முதுகில் ஏறியதும் அவர் உடம்பு ஒரு பக்கம் இறங்கி, மறுபக்கக் கால் முன்னால் போய், தலை தானாகத் தாழ்ந்துவிடும். பாரம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று தூரத்திலிருந்தே சொல்லிவிடலாம்.

ஞாயிற்றுக்கிழமை, வீணாய்ப் போன ஒரு படத்தின் பின்பக்கத்தில் பென்சிலால் கோடு போட்டுப் பார்த்தாள். சரியாக வரவில்லை. அம்மாவைக் கூப்பிட்டாள்.

“எம்மா, செங்கல் தூக்கிக்கினு நிப்பியே, அது மாதிரி கொஞ்சம் நில்லேன். ரெண்டு நிமிஷம்.”

ஆயம்மாள் வாசலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். பாதத்துக்கு விளக்கெண்ணெய் போட்டுக்கொண்டிருந்தாள்.

“ஏண்டி, வாரம் பூரா தூக்கிட்டு வந்து இன்னிக்குத்தான் குந்திக்கினு இருக்கேன். இங்கயும் தூக்கச் சொல்றியே, நெஞ்சில ஈரம் இருக்குதா ஒனக்கு?”

“இல்லம்மா, கல்லு வேணாம். சும்மா நில்லு.”

“சும்மா நிக்கறதுக்கு மட்டும் காலு வலிக்காதா?”

ஜெயம்மாள் விட்டுவிட்டாள். உட்கார்ந்திருந்த அம்மாவின் தோளையும் முதுகையும் பார்த்தே வரைந்தாள். படுத்திருந்த அப்பா அதை வாங்கிப் பார்த்து, இது யார் என்று கேட்டார். டவர் என்றாள். அவர் சிரித்தார். அந்த வீட்டில் அவர் சிரித்து வெகுகாலம் ஆகியிருந்தது.

ஆதிமூலம் சிரிக்கவில்லை. அந்தத் தாளை மேசையில் விரித்து, கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார். முதலில், ஒரு கால் முன்வைத்துத் தலைமேல் சுமைக்கட்டோடு ஒருத்தி. அந்தக் கட்டு இருக்கும் இடத்தில்தான் உச்சிக் கம்பி. விரித்த இரண்டு கைகளிலிருந்து மின்கம்பிகள் தொங்கின. நடுவில், லைன் திரும்பும் இடத்தில், கால்களை அகட்டிப் பின்னால் சாய்ந்து இழுக்கிற ஒருத்தி. மேடு முடிந்து லைன் சரிவில் இறங்கும் இடத்தில் குனிந்து நிற்கிற ஒருத்தி. எல்லாம் அதே இரும்பு ஆங்கிள், அதே போல்ட்டு. நிற்கும் விதம் மட்டுந்தான் வேறு. யாருக்கும் முகம் இல்லை. ஜெயம்மாளுக்கு முகம் போட வராது, அதனால் விட்டிருந்தாள்.

“இதெல்லாம் நிக்காது ஜெயம்மா” என்றார்.

அவள் தாளைச் சுருட்டப் போனாள்.

“இரு. நடுவுல இருக்கிறவ நிப்பா. லைன் திரும்பற எடத்துல கம்பி ஒரு பக்கமா இழுக்கும். நாம சாதாரணமா அதுக்கு இரும்பை அதிகமாப் போட்டுச் சமாளிப்போம். நீ அவள எதிர்ப்பக்கம் சாய வெச்சிருக்கே. தெரிஞ்சுதான் வெச்சியா?”

“தெரியல சார். இழுத்தா அப்பிடித்தானே சாய்வாங்க.”

“காலை இன்னும் அகட்டணும். மத்த ரெண்டு பேரும் கஷ்டம். பாக்கலாம்.” பிறகு, போகும்போது திரும்பிச் சொன்னார்: “முகம் வைக்காதே. வெச்சா பொம்மை ஆயிடும்.”

அதற்குப் பிறகு வந்த மாதங்களைப் பற்றிக் கேட்டால் ஜெயம்மாள், “எப்பப் பாத்தாலும் ரப்பர் தூளு. பொடவையெல்லாம் ரப்பர் தூளு” என்பாள். காற்று எந்தப் பக்கம் அடித்தால் எந்தக் கால் தூக்கும், ஒரு கம்பி அறுந்தால் மற்ற கை எப்படி முறுக்கும் என்று ஆதிமூலம் கணக்குப் போடுவார். கணக்கு உதைத்தால் இடுப்பை மாற்ற வேண்டும். இடுப்பை மாற்றினால் சுமக்கிறவள் சுமக்கிறவளாக இருக்க மாட்டாள், ஏதோ நாட்டியம் ஆடுகிற மாதிரி ஆகிவிடுவாள். மறுபடியும் அழிப்பு. குனிந்தவள் பலமுறை படுத்தே போனாள். அவர் சர்க்கரை மாத்திரையை விழுங்கிவிட்டு, “நாம ஏன் இதுல மாட்டிக்கிட்டோம்?” என்று கேட்பார். கேட்டுவிட்டு அடுத்த தாளை எடுப்பார்.

கம்பெனி முதலாளி ஒத்துக்கொண்டது கலையை மெச்சி அல்ல. மேட்டில் வேலை நின்றுபோயிருந்தது, எப்படியாவது ஊரைச் சரிக்கட்டினால் போதும் என்று இருந்தார். ஜெயம்மாள் மேடு முழுக்க, ஓடை வரைக்கும் ஆட்களை நிறுத்தி வரைந்திருந்தாள். அவர் மூன்று பேருக்கு மட்டும் சம்மதித்தார். மற்றதெல்லாம் சாதா டவர்.

கட்டுக்கம்பியால் மூன்று சின்ன உருவங்களை முறுக்கி எடுத்துக்கொண்டு அவள் மறுபடியும் மலை ஏறினாள். மூக்கன் ஒன்றை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“யாரு இது? சாமியா?”

“சாமி இல்லீங்க. வேலை செய்யற பொம்பள.”

“சாமியா இருந்தா வேணாம்னு சொல்லியிருப்பேன். எங்களுக்கு இருக்கற சாமியே போதும்.” அவர் அதை வெள்ளச்சியிடம் கொடுத்தார். அவள் பார்த்துவிட்டுப் பல் தெரியச் சிரித்தாள்.

“இடுப்பு என்னுதாட்டம் கோணிக்கினு இருக்குது.”

ஊர் சம்மதித்தது. ஒரு நிபந்தனையோடு. மேட்டின் மேல் கரண்ட் போனால் மேட்டுக்குக் கீழே இருக்கிற வீடுகளுக்கும் வர வேண்டும். ஆதிமூலம், “வரும்” என்றார். அவர் பொய் சொல்லவில்லை. துணை மின் நிலையம் வந்துவிட்டால் அங்கிருந்து சின்ன லைன் எல்லா ஊருக்கும் தானாக வந்துவிடும் என்று நம்பினார்.

அந்த வருஷம் மழை மலைப்பாதையை அரித்துக்கொண்டு போனது. லாரி பாதிவரைதான் வந்தது. மிச்ச தூரத்துக்கு இரும்பை ஆட்கள்தான் சுமந்தார்கள். அதில் பாதிக்கு மேல் நெல்லிப்பாறைப் பெண்கள். சுமக்கிறவளின் தொடை இரும்பை நான்கு பெண்கள் தோளில் வைத்துக்கொண்டு வரிசையாகச் சேற்றில் ஏறி வருவதை ஜெயம்மாள் மேட்டிலிருந்து பார்த்தாள். வரிசையில் மூன்றாவது ஆள் வெள்ளச்சி. தாளில் தான் போட்ட கோணல் அப்படியே உயிரோடு ஏறி வந்தது. பெருமையாக இருந்திருக்க வேண்டும். இல்லை. இறங்கிப்போய் ஒரு முனையைப் பிடிக்கப் போனாள்.

“நீ தள்ளு பாப்பா, நீ ஒசரம் பத்தல. எங்க தோளுக்கு பாரம் ஏறும்” என்றாள் வெள்ளச்சி.

போல்ட்டு ஓட்டை சில இடங்களில் சேரவில்லை. ஒரு கையை இறக்கிக் கீழே பட்டறைக்கு அனுப்பித் திரும்பக் கொண்டுவந்தார்கள். மழை விட்டு, சாமை அறுப்பும் முடிந்த பிறகுதான் மூன்று பேரும் எழுந்து நின்றார்கள்.

அவர்கள் நின்ற விதத்தைப் பார்த்தவர்கள் மறக்கவில்லை. கிட்டே போனால் வெறும் இரும்பு. பெயின்ட் வாடை, போல்ட்டுத் தலைகள். கொல்லைக்கு இறங்கி வந்து திரும்பிப் பார்த்தால் மூன்று பெண்கள் மேட்டின் மேலே ஒருவர் பின் ஒருவராக வேலைக்குப் போய்க்கொண்டிருப்பார்கள். கம்பிகளின் தொய்வு ஒருத்தி கையிலிருந்து இன்னொருத்தி கைக்குப் போகும். பனி இறங்கும் காலையில் கால்கள் மறைந்து, இடுப்புக்கு மேலே மட்டும் வெள்ளையில் நகர்கிற மாதிரி இருக்கும். நடுவில் இருந்தவள் சாய்ந்து இழுப்பதைப் பார்த்தால் அந்த மலையையே அவள்தான் விழாமல் பிடித்திருக்கிறாள் என்று தோன்றும். ஊர்க்காரர்கள் அவர்களுக்குப் பேர் எதுவும் வைக்கவில்லை. சுமக்கிறவ, இழுக்கிறவ, குனிஞ்சவ என்று வேலையைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். சாமிப்பாறையில் பொங்கல் வைத்த அன்று சுமக்கிறவளின் காலில் யாரோ மஞ்சள் துணி கட்டியிருந்தார்கள். மூக்கன் அதை அவிழ்க்கச் சொன்னார்.

லைனில் கரண்ட் ஏறியது. மலைமேல் வெள்ளிமலைப் பக்கத்து ஊர்களுக்கு விளக்கு எரிந்தது. நெல்லிப்பாறைக்கு வரவில்லை.

காரணம் ஒன்றும் பெரிதில்லை. துணை மின் நிலையத்துக்கும் ஊருக்கும் நடுவே ஒரு துண்டுக் காப்புக்காடு. அதற்குள் கம்பம் நடக் காட்டிலாகா உத்தரவு வேண்டும். மின்சார ஆபீஸ் கேட்டால்தான் காட்டிலாகா தரும். திட்டத்தில் ஊர் பேர் இருந்தால்தான் மின்சார ஆபீஸ் கேட்கும். திட்டம் முடிந்துவிட்டது. கம்பெனி உரக்கடை மாடியைக் காலி செய்துகொண்டு போனது. ஆதிமூலம் ஆந்திராவுக்கு மாற்றலாகிப் போனார். ஜெயம்மாளுக்கு மின்சார ஆபீசிலேயே ஒப்பந்தத்தில் வரைபட வேலை கிடைத்தது.

அந்தச் சமயத்தில்தான் ஒரு வாரப்பத்திரிகைக்காரர் அருவி பார்க்க வந்து, வழியில் மூன்று டவர்களையும் பார்த்துப் படம் எடுத்து எழுதினார். ஜெயம்மாளின் பேரும் அதில் வந்தது. ஆபீசில் அவளை, “வாங்க சிற்பியம்மா” என்று கூப்பிட்டார்கள். கிண்டலாகத் தொடங்கியது, பிறகு அதுவே பேராகிவிட்டது. நல்லா வரைகிறவள்தானே என்று மற்றவர்களின் வேலையும் அவள் மேசைக்கு வந்தது. பத்திரிகையால் கிடைத்தது அவ்வளவுதான்.

இல்லை, இன்னொன்றும் கிடைத்தது. ஒருநாள் வெள்ளச்சி புருஷன் குப்பனைக் கூட்டிக்கொண்டு, ஒரு கூடை சீத்தாப்பழத்தோடு கருணாபுரத்து வீட்டுக்கு வந்துவிட்டாள்.

“பேப்பர்ல ஒன் பேரு வந்துச்சாமே. அப்ப ஆபீசர்ங்கல்லாம் நீ சொன்னா கேப்பாங்க இல்ல? எங்களுக்கு அந்தக் கரண்ட வாங்கிக் குடு பாப்பா.”

“அக்கா, நான் படம் போடறவ. என் பேச்ச யாரும் கேக்க மாட்டாங்க.”

“நீ போட்ட படத்த நம்பித்தானே எடம் வுட்டோம்?”

கோபமில்லாமல் சொன்னாள். கோபமாகச் சொல்லியிருந்தால் ஜெயம்மாள் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பாள்.

அன்றிலிருந்து பல வருஷம் அவள் அலைந்தாள். ஆபீஸ் முடிந்து, லீவு போட்டு, சில சமயம் மூக்கனைக் கூட்டிக்கொண்டு, சில சமயம் தனியாக. காட்டிலாகா வாசலில் காத்திருந்தாள், மின்சார ஆபீஸ் மாடிப்படியில் காத்திருந்தாள். ஒவ்வொரு அதிகாரியும் அவளிடம் மரியாதையாகத்தான் பேசினார்கள். “அந்த டவர் போட்டவங்க நீங்கதானா? பிரமாதம்மா” என்பார்கள். பிறகு, ஆகாது என்பார்கள். நடுவில் அப்பா செத்துப்போனார். அவளுக்குப் பொன்னுரங்கம் என்ற பஸ் கண்டக்டரோடு கல்யாணம் ஆகி ஒரு மகள் பிறந்தாள். மூக்கனும் போய்ச் சேர்ந்தார். அவருக்கு வீட்டில் விளக்கெண்ணெய் விளக்குதான் ஏற்றினார்கள் என்று வெள்ளச்சி சொன்னபோது, ஜெயம்மாள் பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார்ந்து வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. பொன்னுரங்கம் டியூட்டி முடிந்து வந்து, “வூட்டுக்குப் போலாம் வா. அந்த மலைய நீயா தூக்கிக்கினு நிக்கிற?” என்று கேட்டான்.

வழி கண்டுபிடித்தவள் கமலா. மின்சார ஆபீசுக்குப் புதிதாக வந்த உதவிப் பொறியாளர். ஜெயம்மாள் போட்ட பழைய லைன் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவள், “பெரிய லைனுக்காக மேட்டுல ஏற்கெனவே காடு வெட்டியிருக்கு இல்லையா? அந்தப் பாதையிலேயே, டவருங்க காலடியிலேயே சின்ன லைனையும் கொண்டு போயிட்டா புது மரம் ஒண்ணும் வெட்ட வேணாமே?” என்றாள். அது யாருக்கும் தோன்றவில்லை. ஜெயம்மாளுக்கும் தோன்றவில்லை. சுற்றி வருகிற பாதைதான், ஆனால் காட்டிலாகா மறுக்கவில்லை. அடுத்த கோடைக்குள் நெல்லிப்பாறையில் விளக்கு எரிந்தது. ஓடையிலிருந்து மேலே தண்ணீர் ஏற்ற ஒரு மோட்டார் போட்டார்கள். வெள்ளச்சி ஆள் விட்டுக் கூப்பிட்டாள். ஜெயம்மாளுக்கு அன்று காய்ச்சல், போகவில்லை. சந்தோஷமா என்று பொன்னுரங்கம் கேட்டதற்கு, “தூங்கணும் போல இருக்குது” என்றாள்.

சில வருஷம் கழித்து ஒரு புயல் வந்தது.

கடலோரத்தில் அடித்த புயல் மலைவரைக்கும் ஏறி வந்தது. கள்ளக்குறிச்சியில் கரும்பெல்லாம் படுத்தது, மலையில் இரண்டு நாள் மழை. மேட்டில் மண் சரிந்து, இழுக்கிறவளின் இடது கால் நின்றிருந்த இடமே பள்ளத்துக்குள் போய்விட்டது. அவள் மெல்லச் சாய்ந்து, கம்பிகளில் கொஞ்ச நேரம் தொங்கி, கம்பி அறுந்ததும் பள்ளத்துக்குள் விழுந்தாள். வடிவத்தில் பிழை இல்லை, யார் எப்படிப் போட்டிருந்தாலும் அந்த மண்ணில் நின்றிருக்காது என்று பார்த்துவந்தவர்கள் சொன்னார்கள். மலை முழுக்க இருட்டு.

கமலா ஜெயம்மாளை அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னாள். இப்போது அவள் பெரிய பொறுப்பில் இருந்தாள். கண்ணெல்லாம் தூக்கமில்லாமல் சிவந்திருந்தது.

“அந்த டவருக்கு ஸ்பேர் ஒண்ணுமே கிடையாது. புதுசா செய்யணும்னா மாசக்கணக்காகும். சாதா டவர்னா நம்ம ஸ்டோர் யார்டுலயே இருக்கு, உடனே ஏத்திடலாம். ஆனா மேல இருந்து, அது பேர் வாங்கின டவர், வடிவமைச்சவங்களைக் கேட்டுக்கோங்கன்னு சொல்றாங்க. தற்காலிகமா சாதாவை வெப்போம். அப்புறமா உங்களுதைச் செஞ்சுக்கலாம். என்ன சொல்றீங்க?”

அப்புறமா என்பது வராது என்று இருவருக்குமே தெரியும். ஜெயம்மாள் ஜன்னலைப் பார்த்தாள். நெல்லிப்பாறையில் மோட்டார் ஓடாது. பெண்கள் மறுபடியும் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடைக்கு இறங்கியிருப்பார்கள். வெள்ளச்சிக்கு இப்போது முட்டி வீங்கிக் கிடக்கிறது. மாதக்கணக்கில் அவர்கள் நடக்கட்டும், இரும்பில் செய்தவள் அழகாக நிற்கட்டும் என்று எப்படிச் சொல்வது? சொல்லலாம். சொன்னால் கேட்டுக்கொள்வார்கள். அந்த அறையில் முதல்தடவையாக அவள் பேச்சுக்கு விலை இருந்தது.

“சாதாவே வெச்சிடுங்க மேடம். தற்காலிகம்னு போட வேணாம். நிரந்தரமா சாதான்னே போட்டுடுங்க.”

“யோசிச்சுச் சொல்லுங்க.”

“யோசிச்சிட்டேன் மேடம்.”

படத்தை மாற்றிப் போட்டவளும் அவள்தான். இப்போது எல்லாம் கம்ப்யூட்டர். ஒன்றை அழிக்க ரப்பர் வேண்டாம். நடுவில் நின்றவளைத் தேர்ந்தெடுத்து ஒரு பொத்தானை அழுத்தினாள். கோடுகள் மறைந்தன. யார்டில் இருந்த டவரின் படம் ஏற்கெனவே தயாராக இருந்தது, அதை எடுத்து அங்கே வைத்தாள். முடிந்ததும் கழிப்பறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்து அடுத்த வேலையைத் திறந்தாள்.

ஆதிமூலத்துக்குப் போன் செய்தாள். அவர் ஓய்வு பெற்றுத் திருக்கோவிலூரில் மகன் வீட்டில் இருந்தார். சர்க்கரையால் ஒரு காலை எடுத்துவிட்டிருந்தார்கள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் ஒன்றைத்தான் விசாரித்தார்.

“மத்த ரெண்டு பேரும் நிக்கறாங்க இல்ல?”

“நிக்கறாங்க சார்.”

“ம்.” பிறகு, “நான் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன் ஜெயம்மா. ஆனா எனக்கு இவ்வளவு சீக்கிரம் சொல்ல வந்திருக்காது” என்றார்.

புது டவர் ஏறி, கரண்ட் வந்து, மழைக்காலமும் ஓய்ந்த பிறகு அவள் நெல்லிப்பாறைக்குப் போனாள். பஸ்ஸிலிருந்து இறங்கியதும் மேட்டைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டே நடந்தாள். கொஞ்ச தூரம் போனபிறகு பார்த்துவிட்டாள். சுமக்கிறவள் போய்க்கொண்டிருந்தாள். குனிந்தவள் குனிந்திருந்தாள். நடுவில் ஒரு சாதா டவர். மூன்றும் சேர்ந்து இப்போது என்னவோ போல இருந்தன. பேச்சுக்கு நடுவில் ஒருவர் எழுந்து போய்விட்ட மாதிரி.

வெள்ளச்சி வீட்டுக்குப் போகும் வழியில் ஓடைமேல் ஒரு பாலம் கிடந்தது. முன்பு கல் மேல் கல் தாண்டித்தான் போக வேண்டும். இப்போது இரண்டு நீள ஆங்கிளைப் போட்டு, மேலே மூங்கில் கட்டியிருந்தார்கள். ஆபீஸ்காரர்கள் விழுந்த இரும்பை எல்லாம் அள்ளிப்போனபோது பள்ளத்தின் அடியில் மாட்டிக்கொண்டிருந்ததை மட்டும் விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அதைக் குப்பனும் ஊர் ஆட்களும் இழுத்து வந்திருந்தார்கள். ஜெயம்மாள் குனிந்து போல்ட்டு ஓட்டைகளைப் பார்த்தாள். எந்தப் பகுதி என்று அவளுக்குத் தெரியும். கைப்பிடி இல்லாததால் பயந்து பயந்து கடந்தாள்.

வெள்ளச்சி சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் போட்டாள். முட்டி வலியால் உட்கார்ந்தபடியே நகர்ந்து நகர்ந்து பரிமாறினாள்.

“நீதான் சாதாவே போதும்னியாமே? லைன்மேன் சொன்னான்.”

“ஆமாங்க்கா.”

“எனக்குக் கொஞ்சம் பொசுக்குனு ஆயிடுச்சி. காலைல எழுந்தா அவளத்தான் பாப்பேன். இழுக்கறாளே, நாமளும் எழுந்து போவலாம்னு இருக்கும்.” குழம்பை இன்னும் கொஞ்சம் ஊற்றினாள். “ஆனா தண்ணி தூக்க என்னால முடியாது பாப்பா. நீ செஞ்சது சரிதான். சாப்புடு.”

ஜெயம்மாள் சாப்பிட்டாள். அழுகை வரும் என்று பயந்திருந்தாள், வரவில்லை. கை கழுவிவிட்டு வந்தபோது வெள்ளச்சி பாயைப் போட்டுக் கூரையிலிருந்து தொங்கிய ஃபேனைப் போட்டாள். அது கடகடவென்று ஆடிக்கொண்டு சுற்றியது. மூன்று மணி பஸ்ஸுக்கு எழுப்பிவிடச் சொல்லிவிட்டுப் படுத்தாள்.

வெள்ளச்சி எழுப்பவில்லை. பஸ் மேட்டைச் சுற்றி ஹாரன் அடித்துக்கொண்டு போனதுகூட ஜெயம்மாளுக்குக் கேட்கவில்லை. அவள் வாயைத் திறந்துகொண்டு, ஒரு காலை மடித்து, தூங்கிக்கொண்டிருந்தாள். வெள்ளச்சி அவள் தலைமாட்டில் உட்கார்ந்து புளியிலிருந்து கொட்டையைச் சத்தம் வராமல் எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.